மூட்டையில் வேறு என்ன இருக்கிறது?

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு கொள்கை ஊறிப்போயிருக்கிறது. கால்சியம், ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்), மெக்னீசியம் மூன்றையும் வீட்டிலேயே கலந்து ஊற்றிக்கொள்ளலாம், கடல்நீரில் துளியளவே இருக்கும் நுண்தனிமங்கள் பக்கம் மட்டும் போகாதே என்பதுதான் அது. மாங்கனீசு, இரும்பு, துத்தநாகம், அயோடின், வனேடியம் எல்லாம் வேண்டுமென்றால் பாட்டிலில் வாங்கு, இல்லையென்றால் பேசாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டு இரு. நானும் நீண்ட காலம் இதைத்தான் சொல்லிவந்தேன். நியூ ஜெர்சியில் என் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிற தொட்டி, கீழே இருக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியையும் சேர்த்து ஏறக்குறைய 300 லிட்டர், இந்தக் கொள்கையில்தான் ஓடியது, நன்றாகவும் ஓடியது. பக்கத்து ஊரில் இருக்கிற ஒரு தூத்துக்குடித் தம்பி, கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன், கலவை செய்யக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் பெரிய உப்புகளைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நாளுக்கு 7.5 கிராம் கல்

என் தொட்டியில் அக்ரோபோரா, மான்டிபோரா என்ற கற்பவளங்கள் நிறைய. ஒன்றும் ஊற்றாமல் விட்டால் ஆல்கலினிட்டி ஒரு நாளில் 1.4 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) இறங்கும். கேட்கிறவர்களுக்கு இது ஒரு எண், அவ்வளவுதான். அதையே எடையாக மாற்றிப் பாருங்கள். 1.4 டி.கே.எச். என்றால் வேதியியல் அலகில் லிட்டருக்கு அரை மில்லிஈக்விவலன்ட், 300 லிட்டருக்கு 150. இது முழுக்கப் பவளத்தின் எலும்பாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால் தினமும் 7.5 கிராம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். வருடத்துக்கு 2.7 கிலோ. இரவில் நீல விளக்கு அணைந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், கிளைநுனியில் வெள்ளையாக ஒரு மில்லிமீட்டர் புதிதாக நீண்டிருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டருக்கான கல்லை நாம்தான் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. இவ்வளவையும் வெறும் தண்ணீர் மாற்றத்தால் ஈடுகட்ட முடியாது. கடல்நீரில் கால்சியம் 410லிருந்து 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஆல்கலினிட்டி 7 டி.கே.எச். சுற்றுவட்டத்தில். உப்புக் கலவையில் அதைவிடச் சற்றுக் கூட இருந்தாலும், தினமும் கால்வாசித் தொட்டியை மாற்றினால்கூட எட்டாத கணக்கு இது.

இதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற அமெரிக்க வேதியியலாளர். 2006இல் அவர் வெளியிட்ட செய்முறைதான் இன்றுவரை உலகம் முழுக்கப் பவளத் தொட்டிக்காரர்கள் கலக்கும் கலவைக்கு அடிப்படை. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் பாஸ்பேட் ஏறாமல் பிடித்து வெளியேற்றும் செவலமர் மருந்தின் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளராக இருப்பவர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அந்த மாத்திரைப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட ஒருவர், கடையில் கிடைக்கிற ஆப்பசோடாவையும் சாலையில் பனி உருக்கப் போடுகிற கால்சியம் குளோரைடையும் வைத்து ஒரு கலவையை எழுதி, அதன் ஒவ்வொரு வரிக்கும் கணக்குச் சொல்லி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று இலவசமாகக் கொடுத்தார். இந்தப் பொழுதுபோக்கில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது.

செய்முறை எளிது. 500 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டை ஒரு அமெரிக்க காலன், அதாவது 3.8 லிட்டர் ஆகும் வரை ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரில் (கரைந்திருப்பதையெல்லாம் நீக்கிய சுத்தத் தண்ணீர்) கரைக்க வேண்டும். 594 கிராம் ஆப்பசோடாவை அடுப்புத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, அதை இன்னொரு காலனில் கரைக்க வேண்டும். சுடுவது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சுடும்போது ஆப்பசோடாவிலிருந்து கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறி, சோடியம் பைகார்பனேட் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. 594 கிராம் போட்டால் 375 கிராம்தான் மிஞ்சும், தராசில் வைத்தாலே சுட்டது போதுமா என்று தெரிந்துவிடும். சுடாத சோடா அவ்வளவு சிறிய தண்ணீரில் கரையவும் கரையாது, தொட்டியின் பி.எச்.சையும் தூக்காது. கால்சியம் குளோரைடு வேறு மாதிரி. செதில் செதிலாக இருக்கும் அதைத் தண்ணீரில் கொட்டக் கொட்ட ஜக்கின் அடி சுடும், கையில் பட்டால் வழவழவென்று பிடித்துக்கொள்ளும், திறந்து வைத்த மூட்டை நியூ ஜெர்சியின் ஜூலைக் காற்றில் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். அப்படி ஈரம் குடித்ததை நிறுத்துப் போட்டால் தராசு 500 என்று காட்டும், உள்ளே சரக்கு குறைவாக இருக்கும். அதனால் மூட்டையை வாங்கிய அன்றே பிரித்துக் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்துவிடுவேன்.

இரண்டு கரைசலையும் தினமும் 79 மில்லி வீதம் தனித்தனி டோசிங் பம்ப் சொட்டுச் சொட்டாக விடுகிறது. ஒரே இடத்தில் விட்டால் அங்கேயே பால் கொட்டின மாதிரி வெள்ளையாகிவிடும், பவளத்துக்குப் போக வேண்டியது பம்ப் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத ஒன்று, இந்த ஜோடி பின்னால் விட்டுச்செல்கிற மிச்சம். கால்சியம் குளோரைடின் கால்சியமும் சோடாவின் கார்பனேட்டும் பவளத்துக்குள் போய்விடுகின்றன. மிஞ்சுகிற சோடியமும் குளோரைடும் சேர்ந்தால் சாதாரண சமையல் உப்பு. என் தொட்டிக் கணக்கில் நாளுக்கு 8.8 கிராம், வருடத்துக்கு 3.2 கிலோ. தொட்டியில் மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்பே பத்தரைக் கிலோதான் என்று யோசித்தால் இது சின்ன விஷயமில்லை. உப்பின் அளவு ஏறுகிறதே என்று நல்ல தண்ணீர் விட்டு இறக்கினால், பொட்டாசியம், போரான், சல்பேட் எல்லாம் சேர்ந்து நீர்த்துப்போகும். 1990களில் ஜெர்மனியின் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் தன் முறையில் சமையல் உப்பு நீக்கிய கடலுப்பை மூன்றாவது கரைசலாகச் சேர்த்தது இதற்காகத்தான். மிஞ்சுகிற உப்போடு அது சேரும்போது மொத்தமும் கடல்நீர் விகிதத்துக்கு வந்துவிடும். எனக்கு இதுவரை பிடித்த யோசனைகளில் இது ஒன்று, எதையும் தனியாக அளந்து துரத்தாமல் கடலின் விகிதத்தையே காப்பாற்றப் பார்க்கிறது.

தராசுக்கு எட்டாத எடை

தம்பி வந்த அன்று இதையெல்லாம் செய்து காட்டினேன். சோடா அடுப்பில் இருக்கும்போது அவன் நுண்தனிமங்களைப் பற்றி ஆரம்பித்தான். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். நம்முடைய தராசு 10 மில்லிகிராமுக்குக் கீழே காட்டாது. 300 லிட்டர் தொட்டியில் மாங்கனீசை 1 பி.பி.பி. ஏற்ற வேண்டுமென்றால், பி.பி.பி. என்பது நூறு கோடியில் ஒரு பங்கு, தேவைப்படுவது 0.3 மில்லிகிராம் மாங்கனீசு. மாங்கனீசு குளோரைடாகப் போட்டால் ஒரு மில்லிகிராம் சொச்சம். தராசின் கடைசி இலக்கம் ஒன்று தவறினால் பத்து மடங்கு. வீட்டில் செய்கிற வேலையா இது?

அவன் சிரிக்கக்கூட இல்லை. "அண்ணே, லேப்ல யாரு மில்லிகிராம் நிறுக்கா? கிராம்ல நிறுத்து லிட்டர்ல கரைப்பாங்க, அப்புறம் அதுல இருந்து எடுத்து இன்னொரு லிட்டர்ல விடுவாங்க. சிரிஞ்சு இருக்கா உங்ககிட்ட?" என்றான். நோட்டை எடுத்து எழுதினான். 3.6 கிராம் மாங்கனீசு குளோரைடு டெட்ராஹைட்ரேட் ஒரு லிட்டர் தண்ணீரில், அதில் ஒரு கிராம் மாங்கனீசு இருக்கும். அதிலிருந்து 10 மில்லி எடுத்து இன்னொரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதில் 30 மில்லி ஊற்றினால் என் தொட்டியில் சரியாக 1 பி.பி.பி. தராசு 10 மில்லிகிராம் தவறினாலும் 3.6 கிராமில் அது முந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு பாட்டில், ஒரு சிரிஞ்சு, முடிந்தது.

பள்ளிக்கூட வேதியியல்தான் இது. ஆனாலும் "நுண்தனிமத்தை வீட்டில் செய்யவே முடியாது" என்று நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்ததில் முதல் காரணம் அங்கேயே விழுந்துவிட்டது. எடை ஒரு தடையே இல்லை. அப்படியானால் எனக்கு மிஞ்சியது இரண்டாவது காரணம், அதைத்தான் நான் உண்மையிலேயே நம்பினேன். எவ்வளவு துல்லியமாகக் கலந்தாலும், தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அளக்க முடியாத ஒன்றை ஊற்றுவது சரியில்லை, அதனால் நான் நுண்தனிமம் ஊற்றுவதில்லை. சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் கால்சியம் குளோரைடு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ட்ரேஸ் எலிமென்டே ஊத்தலன்னு சொல்லுதீங்க. சரி. இந்த மூட்டையில கால்சியம் குளோரைடு போக மிச்சம் வேற என்ன இருக்கு?"

மூட்டைக்குள் இருப்பது

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினமும் 79 மில்லி என்றால் அதில் 10.4 கிராம் கால்சியம் குளோரைடு போகிறது. அந்த மூட்டையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் செம்போ நிக்கலோ கலந்திருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், அதாவது பத்து லட்சத்தில் பத்து பங்கு. தொழிற்சாலைச் சரக்கில் இது ஒரு குறையாகவே யாருக்கும் தெரியாது. அப்படியானால் தினமும் 0.1 மில்லிகிராம் தொட்டிக்குள் போகிறது. 300 லிட்டரில் அது நாளுக்கு 0.35 பி.பி.பி. எதுவும் அதை வெளியே எடுக்காவிட்டால் ஒரு மாதத்தில் 10 பி.பி.பி. திறந்த கடலின் மேற்பரப்பில் செம்பு 1 பி.பி.பி.க்கும் கீழே. சில பவளங்களின் கருவுறுதல் 20 பி.பி.பி. சுற்றுவட்டத்திலேயே பாதியாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாங்கனீசை 1 பி.பி.பி. ஏற்றலாமா வேண்டாமா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பம்ப் தன்பாட்டுக்கு மூட்டையில் இருக்கிற எதையோ ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நுண்தனிமம் ஊற்றாத தொட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. இதை நான் இப்போது உறுதியாகச் சொல்வேன். கால்சியம் குளோரைடில் வருகிறது, மெக்னீசியத்துக்குப் போடும் எப்சம் உப்பில் வருகிறது, தண்ணீர் மாற்றும் உப்பில் வருகிறது. எல்லாவற்றையும்விட மீனுக்குப் போடும் தீனியில் வருகிறது. இறால், கிரில் போன்றவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த ஹீமோசயனின், நமக்கு இரும்பு இருக்கும் இடத்தில் அவற்றுக்குச் செம்பு. ஆகவே ஒரு கட்டி உறைந்த கிரில் போடுகிறவர் செம்பும் சேர்த்துத்தான் போடுகிறார். ரான் ஷிமெக் என்ற கடல் உயிரியலாளர் 2002லேயே தொட்டிகளில் நுண்தனிமங்கள் குறைவதைவிடச் சேர்ந்துகொண்டே போவதுதான் பிரச்சினை என்று எழுதினார். அப்போது பெரிய சண்டை. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, தொட்டியில் கல்லும் பாசியும், அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரும், வடிகட்டும் கார்பனும் நிறையவே வெளியேற்றிவிடுகின்றன. ஆனால் வரவு எங்கெல்லாம் இருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னது சரியான பேச்சு.

இங்கே "உணவுத்தரம்" என்ற முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கலப்பவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். உணவுத்தரம் என்பது மனிதன் சாப்பிடத் தகுந்த தரம். ஈயம், ஆர்சனிக் மாதிரியான சரக்குகளுக்கு அங்கே முதல் கவனம். செம்பு நமக்குத் தினமும் தேவை, அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரில் செம்பு 1.3 பி.பி.எம்.மைத் தாண்டினால்தான் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது சட்டம். 1.3 பி.பி.எம். என்றால் 1,300 பி.பி.பி. நாம் கவலையே இல்லாமல் குடிக்கிற தண்ணீரில் ஒரு தொட்டிப் பவளமும் செத்துப்போகும். ஆகவே சாலைப் பனிக்கான உப்பைவிட உணவுத்தரம் மேல், சந்தேகமில்லை, நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அந்த முத்திரை பவளத்தைக் கேட்டுக் குத்தியது கிடையாது. கம்பெனி பாட்டில் வாங்குகிறவர்களும் இதே படகில்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய கால்சியமும் ஏதோ ஒரு தொழிற்சாலை மூட்டையிலிருந்துதான் வருகிறது, எந்த மூட்டை என்று நமக்குச் சொல்வதில்லை. நுண்தனிமப் பாட்டில்கள் பலவற்றில் எதெது இருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் இருக்கும், எவ்வளவு என்று இருக்காது. எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். பூச்சிமருந்துக்கும் குழந்தை மருந்துக்கும் அளவு எழுதாமல் விற்க விடமாட்டோம், இதை மட்டும் எப்படி வாங்கி ஊற்றுகிறோம்?

ஒரு சின்னக் குப்பியில்

அளக்க முடியாது என்றுதானே சொன்னேன். அளக்க முடியும், எதை என்பதுதான் கேள்வி. ஜெர்மனியின் ட்ரைட்டன் நிறுவனம் 2010களில் பரவலாக்கிய ஐ.சி.பி. என்ற ஆய்வகச் சோதனையை இன்று பலரும் செய்கிறார்கள். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை அடைத்து அனுப்பினால் சில நாட்களில் முப்பது நாற்பது தனிமங்களின் பட்டியல் வரும். அயோடின், மாலிப்டினம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றை அது நன்றாகவே காட்டும், கடலில் அவற்றின் அளவு அந்த இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரிகிற அளவு. அயோடின் கடலில் 60 பி.பி.பி., மாலிப்டினம் 10, ஸ்ட்ரான்சியம் 8 பி.பி.எம். ஆனால் இரும்பும் மாங்கனீசும் செம்பும் துத்தநாகமும் கடல் மேற்பரப்பில் 1 பி.பி.பி.க்கும் கீழே. சாதாரண ஐ.சி.பி. இயந்திரம் அவ்வளவு சின்ன அளவைப் பார்க்காது. அதனால் பட்டியலில் மாங்கனீசு பூஜ்யம் என்று வந்தால் பதறிப்போய்ப் பாட்டிலைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். கடல்நீரையே அனுப்பினாலும் அதே பூஜ்யம்தான் வந்திருக்கும். இந்த உலோகங்களில் இயந்திரம் குறைவைச் சொல்லாது, மிகுதியை மட்டும் சொல்லும்.

மிகுதியைச் சொல்வதுதானே இந்த மூட்டை விஷயத்தில் எனக்குத் தேவை? கால்சியம் கரைசலில் 10 மில்லியை எடுத்து ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரோடு 900 மில்லியாக்கினேன். அசல் கரைசலில் கால்சியம் 37,000 பி.பி.எம்., தொண்ணூறு மடங்கு நீர்த்தால் 411, கடல்நீர் அளவு. லிட்டர் கணக்கில் பார்த்தால் இது என் தொட்டியின் ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய ஆறு வாரத்தில் குடிக்கிற கால்சியம், அதோடு வருகிற அழுக்கும் அதே செறிவில் இந்தக் குப்பியில். கிலோவுக்கு 10 மில்லிகிராம் செம்பு இருந்தால் இங்கே 15 பி.பி.பி. என்று தெரிந்துவிடும். உப்புத் தண்ணீருக்குச் சரிசெய்த இயந்திரத்தில் உப்பில்லாத மாதிரியைப் போடுவதால் எண் கொஞ்சம் முன்பின் இருக்கும், பரவாயில்லை, 1 பி.பி.பி.யா 15 பி.பி.பி.யா என்று தெரிந்தால் எனக்குப் போதும். தொட்டித் தண்ணீரை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தபோது வருகிற செம்பு எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்கத்தான் முடிந்தது, தீனியா, பம்ப்பா, உப்பா என்று. மூட்டையைத் தனியாக அனுப்பிய பிறகு மூட்டையைப் பற்றி மட்டுமாவது ஊகம் தேவைப்படவில்லை. என் மூட்டையில் செம்பு இயந்திரத்துக்குத் தெரிகிற அளவில் இல்லை, நிக்கல் கொஞ்சம் தெரிந்தது. அடுத்த முறை வேறு சரக்கு வாங்கினேன்.

இன்னொன்றும் செய்தேன். தினசரித் தேவையில் ஒரு பகுதியைச் சுண்ணாம்புத் தெளிநீருக்கு மாற்றினேன். கால்க்வாஸர் என்று இந்த வட்டாரத்தில் சொல்வது அதைத்தான், 1970களில் பீட்டர் வில்கென்ஸ் பவளத் தொட்டிகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த பிறகு மேலாக இருப்பதை மட்டும் சொட்டவிட வேண்டும். இதில் சமையல் உப்பு மிச்சம் கிடையாது. அதைவிட முக்கியம், பி.எச். 12.4இல் இருக்கும் அந்தத் தண்ணீரில் செம்பு, ஈயம் மாதிரியான உலோகங்கள் அடியில் தங்கும் கசடோடு ஒட்டிக்கொண்டு கீழேயே நின்றுவிடுகின்றன, மேலே இருக்கும் தெளிவு பெரும்பாலும் சுத்தம். ஹோம்ஸ்-ஃபார்லி இதை 2003இல் சோதித்தே காட்டினார். அதனால்தான் கசடைக் கலக்கி ஊற்றாதே என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரு லிட்டர் தெளிநீரில் 40 மில்லிஈக்விவலன்ட் இருக்கும், என் தொட்டியில் தினமும் 3.75 லிட்டர் ஆவியானால் முழுத் தேவையையும் இதிலேயே முடிக்கலாம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அவ்வளவு ஆவியாகும், ஆகஸ்ட் புழுக்கத்தில் ஆகாது. அதனால் மிச்சத்துக்கு மூட்டை.

தம்பிக்குச் சுண்ணாம்பு என்றதும் வேறு ஞாபகம். அவனுடைய ஊர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையை வெட்டியெடுத்துச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், அப்படி வெட்டியதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அவனுடைய தாத்தா அந்தச் சூளைகளுக்குக் கல் ஏற்றிய வள்ளங்களைப் பற்றிச் சொல்வாராம். அங்கே கல்லாக இருந்ததைச் சுண்ணாம்பாக்கினோம், இங்கே சுண்ணாம்பை வாங்கிக் கல்லாக்குகிறோம் என்றான். 2001இலிருந்து இந்தியாவில் கற்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ யாராவது ஒரு துண்டு உடைத்துத் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதீர்கள், இறந்த துண்டாக இருந்தாலும்.

எதை ஊற்றுகிறேன், எதைத் தொடமாட்டேன்

சரி, அளக்கவும் முடிகிறது, கலக்கவும் முடிகிறது. இனி எல்லாவற்றையும் ஊற்றலாமா என்றால், இல்லை என்பதுதான் என் பதில், ஆனால் காரணம் மாறிவிட்டது. அயோடின் ஊற்றுகிறேன், பொட்டாசியம் அயோடைடாக, ஏனென்றால் அது என் தொட்டியில் குறைவதை இயந்திரம் காட்டுகிறது, ஊற்றினால் ஏறுவதையும் காட்டுகிறது. மாங்கனீசு, அந்த 30 மில்லியை வாரம் முழுக்கப் பிரித்து ஊற்றுகிறேன். அது சீக்கிரமே ஆக்சைடாகிப் படிந்துவிடும் அல்லது பாசி எடுத்துக்கொண்டுவிடும், சேர்ந்து விஷமாகிற ஆபத்து இந்த அளவில் மிகக் குறைவு. பயன் தெரிகிறதா என்று கேட்டால், நிறம் கூடியிருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அதே சமயத்தில் சுண்ணாம்புத் தெளிநீரும் ஆரம்பித்தேன், விளக்கும் மாற்றினேன், எதனால் என்று பிரித்துச் சொல்லமாட்டேன். இரும்பு, சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசி வெளுக்கும்போது மட்டும், சிட்ரேட்டோடு சேர்த்து, ஏனென்றால் வெறும் இரும்பு உப்பு கடல்நீரில் உடனே துருவாகப் படிந்துவிடும். செம்பு வாங்கவே மாட்டேன், அது தீனியிலேயே வருகிறது. கோபால்ட்டும் நிக்கலும் வீட்டுக்குள்ளேயே வராது. அவற்றின் தூளை மூச்சில் இழுத்தால் மனிதனுக்கே கேடு, எனக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், எந்தப் பவளத்துக்காகவும் அந்தப் பாட்டிலைச் சமையலறை மேடையில் திறக்கமாட்டேன்.

துத்தநாகத்தில்தான் எனக்கும் தம்பிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. பவளத்துக்குள் இருக்கும் பாசிக்குத் துத்தநாகம் வேண்டும், கரியமிலத்தைக் கையாளும் என்சைமே துத்தநாகத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, அதனால் சின்ன அளவில் ஊற்ற வேண்டும் என்கிறான் அவன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தொட்டியின் கடைசி அறிக்கையில் துத்தநாகம் 4 பி.பி.பி. என்று இருந்தது, இயந்திரத்துக்குத் தெரிகிறது என்றாலே கடலைவிட அதிகம் என்றுதானே அர்த்தம். மூட்டையில் அது வரவில்லை. உப்பாக இருக்கலாம், தீனியாக இருக்கலாம், சம்ப்பில் குழாயை இறுக்கியிருக்கும் பழைய கிளாம்ப்பாகக்கூட இருக்கலாம். கிளாம்ப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் மாட்டியாயிற்று. அடுத்த அனுப்புதலில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர் ஒரு குப்பி, தீனியை ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டியது இன்னொரு குப்பி. அந்த 4 எங்கிருந்து வருகிறது என்று தெரியட்டும், அப்புறம் ஊற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அதற்குள் தன் தொட்டிக்கு ஊற்ற ஆரம்பித்துவிட்டான்.